ஹைட்ரோமீட்டர் 41 என்கிறது, லேசர் 12 என்கிறது: ஒரே வண்டலில் களி எவ்வளவு?

வாசகர் கேள்வி, 6 ஜூன் 2022

சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய் ஒன்றில் எடுத்த வண்டலை எங்கள் கல்லூரி மண் ஆய்வகத்தில் ஹைட்ரோமீட்டர் முறையில் (மண் கலங்கிய நீரில் ஒரு மிதவையை விட்டு அடர்த்தியை அளக்கும் முறை) சோதித்தோம். 2 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழான களி 41 விழுக்காடு என்று வந்தது. அதே மாதிரியின் மறுபாதியை வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். லேசர் கருவியில் பார்த்து 12 விழுக்காடு என்று அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். வண்டலை வயலுக்கு அடிக்கக் காத்திருக்கும் உழவர்களுக்கு எந்த எண்ணைச் சொல்வது? லேசர் புதிய கருவி என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று துறையில் பேச்சு இருக்கிறது.

6 ஜூன் 2022, இரவு

கருவி புதியது என்பதற்காக அதன் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். லேசர் கருவி களியைக் குறைத்துக் காட்டும் என்பது இத்துறையில் பழகியவர்கள் அறிந்த செய்தி. களித் துகள் உருண்டையாக இருப்பதில்லை. தட்டையான செதிலாக இருக்கிறது. ஒளிக்கற்றையின் குறுக்கே மிதந்து செல்லும்போது அதன் அகன்ற முகமே பெரும்பாலும் ஒளியைச் சிதறடிக்கிறது. கருவி அந்தச் சிதறலைப் பார்த்து, இதே சிதறலைத் தரும் உருண்டையின் விட்டம் என்ன என்று கணக்கிடுகிறது. நீரில் படியும்போதோ அதே செதில் மெதுவாக இறங்குகிறது. ஆகவே இறங்கும் வேகத்தைக் கொண்டு ஸ்டோக்ஸ் விதிப்படி விட்டத்தைக் கணக்கிடும் ஹைட்ரோமீட்டர் அதைச் சிறிய உருண்டை என்று எழுதுகிறது. ஒரே செதிலுக்கு இரண்டு விட்டங்கள் வருகின்றன, இரண்டும் அதனதன் கேள்விக்குச் சரியான விடைகள்தான்.

லேசர் அறிக்கையில் 8 மைக்ரானுக்குக் கீழ் எவ்வளவு என்று இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

7 ஜூன் 2022

8 மைக்ரானுக்குக் கீழ் 33 விழுக்காடு என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் 8 என்று கேட்டதற்குக் காரணம் சொல்கிறேன். 1997ஆம் ஆண்டு கோனர்ட், வாண்டன்பெர்க் ஆகிய இருவர், பிப்பெட் முறையையும் (மண் படியும் நீரில் குறித்த ஆழத்திலிருந்து சிறிதளவை உறிஞ்சி, உலர்த்தி நிறுப்பது) லேசர் முறையையும் ஒரே படிவுகளில் ஒப்பிட்டு, பிப்பெட்டின் 2 மைக்ரான் எல்லைக்கு லேசரில் 8 மைக்ரான் ஈடாக வருகிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு பல ஆய்வகங்கள் லேசரில் களியின் எல்லையை 8 மைக்ரான் என்றே வைத்துக்கொள்கின்றன.

உங்கள் 12க்கும் 41க்கும் இடையே இருந்த பள்ளம் இப்போது 33க்கும் 41க்கும் இடையே உள்ளதாகச் சுருங்கிவிட்டது. மீதமுள்ள 8 விழுக்காட்டை மாதிரிக்கு மாதிரி வரும் வேறுபாடு என்று விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

7 ஜூன் 2022, மாலை

மேலே எழுதிய கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். மாதிரிக்கு மாதிரி வரும் வேறுபாடு என்று சொல்லிவிட்டால், தேடுவதை அங்கேயே நிறுத்திவிட்டோம் என்று பொருள். உங்கள் பதிவேட்டிலிருந்து நான்கு செய்திகள் வேண்டும்: வாசிப்பு எடுத்தபோது உருளையில் இருந்த நீரின் வெப்பநிலை, மண் போடாத வெற்று உருளையில் கிடைத்த வாசிப்பு, சிதறடிக்கும் கரைசல் (களித் துகள்களை ஒட்டாமல் பிரித்து வைக்கும் உப்புக் கரைசல்) எந்த நாளில் தயாரிக்கப்பட்டது, சோதனைக்கு முன் மண்ணை ஓவனில் உலர்த்தினீர்களா அல்லது நிழலில் உலர்த்தினீர்களா.

10 ஜூன் 2022

பதில்கள் கிடைத்தன. நீரின் வெப்பநிலை 31 பாகை, வெற்று உருளை வைக்கப்படவில்லை, கரைசல் சென்ற செமஸ்டரில் தயாரித்தது, மண் நிழலில் உலர்த்தப்பட்டது. கடைசிச் செய்தி நல்ல செய்தி. 105 பாகை ஓவனில் உலர்த்திய களி கட்டிபட்டு, சில மண்வகைகளில் மறுபடி பிரியாமலே நின்றுவிடும். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வெற்று உருளை. மண் சோதனைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2720இன் நான்காம் பகுதி சொல்லும் சிதறடிக்கும் கரைசலில், ஒரு லிட்டருக்கு 33 கிராம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டும் 7 கிராம் சோடியம் கார்பனேட்டும் இருக்கின்றன. அதில் 100 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் உருளையில் ஊற்றும்போது 4 கிராம் உப்பு உள்ளே போகிறது. ஹைட்ரோமீட்டருக்கு உப்பின் அடர்த்தி எது, களியின் அடர்த்தி எது என்று பிரித்தறியத் தெரியாது. என் ஆய்வகத்தில் வெற்று உருளை ஹைட்ரோமீட்டரின் அளவுக்கோடுகளில் ஏறத்தாழ 3 பிரிவு காட்டுகிறது. 50 கிராம் மண்ணை எடுத்து, துகளின் ஒப்படர்த்தியை (நீரைப் போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பதை) 2.65 என்று கொண்டால், ஒரு பிரிவுக்கு 3.2 விழுக்காடு. அப்படியானால் வெற்று உருளையைக் கழிக்காமல் விட்டதால் உங்கள் களி 9 அல்லது 10 விழுக்காடு கூடியிருக்கிறது.

அடுத்தது வெப்பநிலை. நம் நாட்டு ஹைட்ரோமீட்டர் 27 பாகைக்கு அளவிடப்பட்டது. 31 பாகையில் நீரின் அடர்த்தி குறைவதால் கருவி சற்று ஆழமாக அமிழ்ந்து, ஒரு பிரிவுக்கு மேல் குறைத்துக் காட்டும். அதாவது இங்கே 3 விழுக்காட்டுக்கு மேல் கூட்ட வேண்டும். ஒன்றைக் கழித்து மற்றொன்றைக் கூட்டினால் 41 என்பது 35க்கு அருகில் வந்து நிற்கிறது. முந்தாநாள் "மாதிரிக்கு மாதிரி வேறுபாடு" என்று நான் எழுதிய 8 விழுக்காட்டில் பெரும்பங்கு ஒரு வெற்று உருளையில் இருந்திருக்கிறது.

10 ஜூன் 2022, சிறு சேர்க்கை

"முந்தாநாள்" என்றது தவறு. 7ஆம் தேதி எழுதியது.

13 ஜூன் 2022

மண்ணியல் பயிலும் மாணவி ஒருவர் தனிச்செய்தியில் கேட்ட கேள்வி எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். பாடநூலில் களியின் எல்லை 3.9 மைக்ரான் என்று இருக்கிறது, நீங்கள் 2 மைக்ரான் என்கிறீர்கள், எது சரி என்று கேட்டிருந்தார்.

அம்மா, இரண்டும் இரண்டு துறைகளின் வழக்கு. 1922இல் வென்ட்வொர்த் வகுத்த அளவுகோல் ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறைந்துகொண்டே போகும்: 2 மில்லிமீட்டரில் மணல் தொடங்குகிறது, பதினாறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில், அதாவது 62.5 மைக்ரானில் முடிகிறது, அதற்குக் கீழ் வண்டல் (இங்கே இது ஓர் அளவுப் பிரிவின் பெயர், கண்மாயில் அள்ளும் வண்டல் அன்று), 256இல் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குக் கீழ் களி. அந்த 256இல் ஒரு பங்கைத்தான் 3.9 மைக்ரான் என்று உங்கள் நூல் சொல்கிறது. கட்டுமானப் பொறியாளர்கள் 75 மைக்ரான் சல்லடையில் மணலை முடித்துக்கொண்டு, களியை 2 மைக்ரானில் தொடங்குகிறார்கள். வேளாண் மண்ணியலில் களிக்கு அதே 2 மைக்ரான்தான்; ஆனால் வண்டலின் மேல் எல்லை பன்னாட்டு முறையில் 20, அமெரிக்க வேளாண் துறை முறையில் 50. நம் ஆறுகளில் நீரோட்டத்தோடு வரும் படிவை அளக்கும் நடுவண் நீர் ஆணையமோ 0.2 மில்லிமீட்டருக்கு மேல் பருமன், 0.075 வரை நடுத்தரம், அதற்குக் கீழ் நுண்மை என்று மூன்றாகப் பிரிக்கிறது.

ஆகவே "இந்த மண்ணில் வண்டல் 40 விழுக்காடு" என்று ஒருவர் சொன்னால், எந்த எல்லைகளுக்கு இடைப்பட்ட வண்டல் என்று கேட்காமல் அந்த எண்ணை வேறொரு எண்ணுடன் ஒப்பிடக் கூடாது. அளக்கும் கருவி ஒன்றாக இருந்தாலும் இந்தக் குழப்பம் வரும்.

19 ஜூன் 2022

கரைசலின் வயதைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் நீரில் கரைந்தபின் அப்படியே இருப்பதில்லை. மெல்ல மெல்லச் சிதைந்து சாதாரண பாஸ்பேட்டாக மாறுகிறது, கரைசல் அமிலத் தன்மையோடு இருந்தால் விரைவாக மாறுகிறது. சோடியம் கார்பனேட் சேர்ப்பதன் ஒரு பயன் இந்தச் சிதைவைத் தாமதப்படுத்துவது. மாதத்துக்கு ஒரு முறையாவது புதிதாகக் கரைக்க வேண்டும். ஆறு மாதப் பழைய கரைசல் போத்தலில் தெளிவாகத்தான் இருக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

என் சொந்த அனுபவம் ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கரிசல் மண் வரிசை ஒன்றைத் தொடர்ந்து சோதித்தபோது, வாரா வாரம் களி குறைந்துகொண்டே வந்தது. மாதிரி எடுத்த இடம் ஆற்றை நோக்கி நகர்வதால் மணல் கூடுகிறது என்று விளக்கம் எழுதி, அதற்கு ஒரு வரைபடமும் போட்டேன். உருளையின் அடியில் பஞ்சு போலத் திரண்ட ஒரு படலத்தைத் தற்செயலாகக் கவனித்த பிறகுதான், களி பிரியாமல் திரண்டு, பெரிய துகளைப் போல வேகமாக இறங்குகிறது என்று புரிந்தது. புதிய கரைசலில் அதே மண் முதல் வாரத்து எண்ணையே தந்தது. அந்த வரைபடத்தை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

இதன்படி பார்த்தால் உங்கள் பழைய கரைசல் களியைக் குறைத்திருக்க வேண்டும். 10ஆம் தேதி நான் சொன்ன 35 உண்மையைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

20 ஜூன் 2022

கடலோரப் படிவைச் சோதிப்பவர் ஒருவர், தம் மாதிரி எந்தக் கரைசலுக்கும் மசியவில்லை என்று எழுதியிருந்தார். உப்பைக் கழுவினீர்களா? கடல்நீரின் உப்பு களியைத் திரட்டிவிடும். ஆற்றுக் களி கழிமுகத்தில் வந்து படிவதற்கே அது ஒரு காரணம். வாலைவடிநீர் ஊற்றிக் கலக்கி, படியவிட்டு, மேல்நீரை வடிக்க வேண்டும். வடித்த நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, வெண்மை தோன்றாதவரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சிப்பித் தூள் மிகுந்திருந்தால், அது படிவின் பகுதியா, நீக்க வேண்டிய கலப்பா என்பதை அமிலம் ஊற்றுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஊற்றிய பிறகு அந்தக் கேள்விக்கு இடமில்லை.

28 ஜூன் 2022

வெப்பநிலையைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வெளிநாட்டு நூல்களின் அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஆய்வகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1851இல் ஸ்டோக்ஸ் தந்த விதியின்படி துகள் இறங்கும் வேகம், விட்டத்தின் வர்க்கத்துக்கும் துகள், நீர் இவற்றின் அடர்த்தி வேறுபாட்டுக்கும் நேர்விகிதத்திலும், நீரின் பாகுத்தன்மைக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கிறது. 2 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் 20 பாகை நீரில் 10 சென்டிமீட்டர் இறங்க 7 மணி 44 நிமிடம் ஆகும். 30 பாகை நீர் அவ்வளவு பிசுபிசுப்பானதன்று. அதில் 6 மணி 9 நிமிடம் போதும். சுவரில் உள்ள அட்டவணையை நம்பி 7 மணி 44 நிமிடம் காத்திருந்து பிப்பெட் வைத்தால், 2 மைக்ரான் துகள்கள் எல்லாம் அந்த ஆழத்தைக் கடந்து போயிருக்கும். நாம் உறிஞ்சுவது 1.8 மைக்ரானுக்குக் கீழ் உள்ளதை. பருமனான துகளில் இந்தத் தவறு நொடிக் கணக்கில் ஒளிந்துகொள்கிறது: 62.5 மைக்ரான் துகள் 20 பாகையில் 20 சென்டிமீட்டர் இறங்க 57 நொடிதான் எடுத்துக்கொள்ளும்.

வெயில் படும் சன்னலருகே உருளையை வைப்பதும் கூடாது. ஒரு பக்கம் சூடேறினால் உருளைக்குள் நீர் மெல்லச் சுழன்று, இறங்க வேண்டிய களியைத் தூக்கிக்கொண்டே இருக்கும்.

29 ஜூன் 2022

அடர்த்தி வேறுபாடு என்று நேற்று எழுதியபோது மணவாளக்குறிச்சிக் கருமணல் நினைவுக்கு வந்தது. நாம் எல்லோரும் 2.65 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் ஒப்படர்த்தி குவார்ட்ஸுக்கு உரியது. அந்தக் கடற்கரையில் அலை ஒதுக்கிப் போடும் இல்மனைட் என்னும் கனிமத்துக்கு 4.7 அளவில் வரும். ஸ்டோக்ஸ் விதி செல்லுபடியாகும் நுண்ணிய அளவில், 40 மைக்ரான் இல்மனைட்டும் 60 மைக்ரான் குவார்ட்ஸும் சேர்ந்தே இறங்கும். மணல் அளவுக்கு வந்தால் விதியே மாறுகிறது, வேறுபாடு இன்னும் பெரிதாகிறது.

அங்கிருந்து கொண்டுவந்த மணலை ஒரு முறை சல்லடையிலும், துகள் நீரில் இறங்கும் வேகத்தைக் கொண்டு அளவைச் சொல்லும் படிவுக் குழாயிலும் சோதித்தேன். சல்லடை சிறியது என்ற மணலைக் குழாய் பெரியது என்றது. அலைக்கு மணலின் விட்டம் தெரியாது, இறங்கும் வேகம்தான் தெரியும்; அலையின் பார்வையில் குழாய் சொன்னதே உண்மை. ஆனால் அந்த மணலை ஒரு தட்டில் பரப்பி அளந்தால் சல்லடை சொன்னதே உண்மை. எந்தக் கேள்விக்காக அளக்கிறோம் என்பதைக் கருவியைத் தொடுவதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது.

2 ஜூலை 2022

சல்லடையையாவது நம்பலாமா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சல்லடை நல்லதாக இருந்தால் நம்பலாம். 75 மைக்ரான் சல்லடையில் சிக்கிய மணலை ஆணியாலோ கம்பித் தூரிகையாலோ குத்தி எடுத்தால் கண்ணி அகன்றுவிடும், அதற்குப் பிறகு அது 75 அன்று. விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தளர்ந்த கண்ணி தனியாகத் தெரியும். ஒரே தட்டில் அளவுக்கு மேல் மணலைக் கொட்டினாலும் நுண்மணல் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றுவிடும்.

9 ஜூலை 2022

லேசரின் மீது நான் முதல் நாள் சொன்னது சற்றுக் கடுமையாகப் போய்விட்டது என்று இப்போது நினைக்கிறேன். மணலிலும் பருவண்டலிலும் அது வேகமாகவும் மீண்டும் மீண்டும் ஒரே விடையைத் தருவதாகவும் இருக்கிறது. ஒரு நாளில் ஐம்பது மாதிரி பார்க்க வேண்டியவருக்கு ஹைட்ரோமீட்டர் உதவாது. நான் குறை சொல்ல வேண்டியது அந்த அறிக்கையை. வாசகர் அதன் படத்தை அனுப்பியிருக்கிறார்: எந்த ஒளியியல் கோட்பாட்டைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்று இல்லை, துகளின் ஒளிவிலகல் எண் இல்லை, மீயொலி கொடுத்தார்களா, சிதறடிக்கும் உப்புச் சேர்த்தார்களா என்றும் இல்லை. அத்தகைய கோட்பாடுகளில் ஒன்றான பிரௌன்ஹோபர் கணக்கு ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிய துகளுக்குப் பொருந்துவது. சிவப்பு லேசரின் அலைநீளம் 0.63 மைக்ரான் என்னும்போது, 2 மைக்ரான் களிக்கு 1908இல் மீ தந்த கோட்பாட்டையே பயன்படுத்த வேண்டும். அதற்கு ஒளிவிலகல் எண் தேவை. அந்த எண்ணை யார் எங்கிருந்து எடுத்து உள்ளிட்டார்கள் என்பது தெரியாமல் 12 என்ற விடையை நான் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இன்னொன்று. லேசருக்குப் போவது ஒரு சிட்டிகை மண். 500 மைக்ரான் மணல் ஒன்றின் பருமன் 5 மைக்ரான் துகள்கள் பத்து லட்சத்தின் பருமனுக்குச் சமம். ஒரு மணல் கூடுதலாக உள்ளே விழுந்தால் வளைகோட்டில் தனியாக ஒரு மேடு எழும். மாதிரியைக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுத்துச் சிறிதாக்கும் வேலையை அலுப்பாக நினைக்காதீர்கள்.

17 ஜூலை 2022

வாசகர் அந்த வண்டலில் அரைக் கிலோவைப் பேருந்தில் பார்சலாக அனுப்பியிருக்கிறார். விரல் நுனியில் ஈரமாக்கித் தேய்த்துப் பார்த்தேன், வழுவழுவென்று ஒட்டுகிறது. உருட்டினால் திரியாக நீண்டு, வளைத்தால் உடையாமல் நிற்கிறது. எங்கள் ஊரில் வண்டல் வாங்க வரும் பெரியவர் ஒருவர் இதற்கு மேல் ஒரு படி போய், கொஞ்சத்தை முன்பல்லில் வைத்து நெருநெருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். 12 விழுக்காடு களி இப்படி உருளாது. இதை முதல் நாளே வாசகரிடம் செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

பிப்பெட் முறையில் செய்யப் போகிறேன். அதில் அடர்த்தியை ஊகித்துக் களியின் எடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, உலர்த்தி நேரடியாக நிறுக்கலாம். ஆனால் இங்கும் உப்புக் கணக்கு உண்டு, ஹைட்ரோமீட்டரைவிடக் கொடியது: லிட்டருக்கு 4 கிராம் உப்பு என்றால் 20 மில்லிலிட்டரில் 0.08 கிராம். எடுத்த மண் 20 கிராம் என்றால், அதைக் கழிக்க மறந்தவருக்குக் களி 20 விழுக்காடு கூடி வரும்.

19 ஜூலை 2022, காலை

நேற்றுப் புதிய கரைசல் தயாரித்து, இரவு முழுதும் ஊறவிட்டேன். மக்கை (மட்கிய இலைதழைப் பொருளை) நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியபோது நன்றாக நுரைத்தது. கண்மாய் வண்டலில் மக்கு நிறைய இருக்கிறது. இரண்டு உருளைகளில் ஒரே மண், மூன்றாவதில் கரைசல் மட்டும். நீர் 30 பாகை. 8 மணி 40 நிமிடத்துக்குக் கலக்குவதை நிறுத்தினேன். 2 மைக்ரான் வாசிப்பு பிற்பகல் 2 மணி 49 நிமிடத்துக்கு.

21 ஜூலை 2022

ஓவனிலிருந்து எடுத்து, ஆறவிட்டு நிறுத்தாயிற்று. வெற்று உருளையைக் கழித்தபின் முதல் உருளையில் 37.5, இரண்டாவதில் 38.2 விழுக்காடு. பழைய கரைசலால் 35 குறைவாக இருக்கலாம் என்று 19 ஜூனில் எழுதியதற்கு இது பொருந்துகிறது. ஆனால் நான் பெராக்சைடு ஊற்றி மக்கை நீக்கினேன், நீங்கள் நீக்கவில்லை. அதன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்ட இந்த ஒரு சோதனை போதாது. லேசரின் 8 மைக்ரான் எல்லை தந்த 33 இதற்குக் கீழேதான் நிற்கிறது. வேறு நாட்டுப் படிவில் கண்ட ஈடு நம் கண்மாய்க் களிக்கு அப்படியே பொருந்தும் என்று 7ஆம் தேதி நான் எடுத்துக்கொண்டதைத் திருத்திக்கொள்கிறேன்.

உழவர்களிடம் 38 என்று சொல்லுங்கள். மணற்பாங்கான வயலுக்கு அந்த வண்டல் நன்றாகவே உதவும். ஏற்கெனவே களி மிகுந்த வயலில் அடிக்க வேண்டாம். உங்கள் பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் "பிப்பெட், 2 மைக்ரான், மக்கு நீக்கியது, 30 பாகை" என்று சேர்த்து எழுதுங்கள். மீதமுள்ள மண்ணை நிழலில் உலர்த்திப் போத்தலில் வைத்திருக்கிறேன். உங்கள் ஹைட்ரோமீட்டரில் புதிய கரைசலோடும் வெற்று உருளையோடும் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு எழுதினால், அடுத்த வாரம் மக்கை நீக்காமல் நானும் ஒரு முறை செய்கிறேன்.

23 ஜூலை 2022

வாசகரின் புதிய வாசிப்பு வந்தது: 36.8, மக்கு நீக்காமல், வெற்று உருளை 3.1 பிரிவு. 8 மணி நேர வாசிப்புக்காக அவரும் ஆய்வக உதவியாளரும் இரவு ஏழு மணிவரை இருந்திருக்கிறார்கள். இம்முறை 4 மணி நேர வாசிப்புக்கும் 24 மணி நேர வாசிப்புக்கும் இடையே கோடு இழுத்து நிரப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார். முதல் முறை அப்படித்தான் செய்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. 10ஆம் தேதி நான் போட்ட கணக்கில் அதற்கும் ஓர் இடம் விட்டிருக்க வேண்டும்.